நாயின் கண்ணில் நீங்கள் படம்பிடித்த சோகம்

விலங்குகளை வைத்துத் தமிழில் படமெடுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

படம் ஓடத் தொடங்கியதும் ஒரு மேக்கிங் வீடியோ விடுகிறீர்கள். நாய் எப்படி நடித்தது, குட்டி எப்படி மழையில் ஓடியது, யானை எப்படி ஹீரோவோடு பழகியது என்று காட்டுவதற்காக. கீழே இதயக் குறிகள் வந்து குவிகின்றன. விலங்குகளோடு வேலை செய்கிற எங்களுக்கு, அதாவது கால்நடை மருத்துவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் காப்பகம் நடத்துபவர்களுக்கும், அந்த வீடியோக்கள் வேறு மாதிரி தெரிகின்றன. வால் பின்னங்கால்களுக்கு நடுவே சுருண்டிருக்கிறது. காதுகள் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாக்கு நுனி மூக்கை நக்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறது. கண்ணோரத்தில் வெள்ளை பிறையாகத் தெரிகிறது. இதைப் பார்த்துத்தான் ஜனங்கள் 'என்னமா நடிக்குது' என்கிறார்கள். அந்த நாய் பயந்துபோயிருக்கிறது.

உங்கள் படங்களைப் பார்த்து அழுபவர்களை நாங்கள் கேலி செய்யவில்லை. ஒரு நாய்க்காகக் கலங்குகிற மனசு நல்ல மனசுதான். அந்தக் கலக்கத்தை உண்டாக்குகிற வழியில் ஓர் ஏமாற்று இருக்கிறது, அதற்கான விலையை அந்த விலங்கு கொடுக்கிறது என்பதே எங்கள் குறை. இத்தனைக்கும் அந்த விலை இல்லாமலே அதே காட்சியை எடுக்கலாம். சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே எடுக்கலாம். வழி தெரிந்திருந்தும் கால்ஷீட்டையும் பட்ஜெட்டையும் காரணம் காட்டி விட்டுவிடுவதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாயின் முகம் நம்மை ஏன் இவ்வளவு சுலபமாக உருக்குகிறது என்பதற்கு உடற்கூற்றிலேயே பதில் இருக்கிறது. புருவத்தின் உள்முனையை மேலே தூக்கும் ஒரு சிறு தசை நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாய்க்கு அது பெரும்பாலும் மெல்லிய சில நார்களாகத்தான் இருக்கிறது என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தத் தசை அசைந்தால் கண் பெரிதாகத் தெரியும், முகத்தில் குழந்தைக் களை வந்துவிடும். மனிதர் துயரத்தில் செய்கிற அசைவும் அதுவே. நாய் அதைச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தும் செய்யும். அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்பதை வாலையும் மூச்சையும் உடம்பு நிற்கிற விதத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் குளோசப்பில் இவை மூன்றுமே வருவதில்லை.

கண்ணீர் விஷயம் இதைவிட மோசம். நாய் துக்கத்தில் கண்ணீர் வடிப்பதில்லை. பிரிந்திருந்த எஜமானரை மறுபடி பார்க்கும்போது நாயின் கண்ணில் ஈரம் கூடுகிறது என்று 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். அது சந்திப்பின் ஈரம், அதுவும் ஈரத்தை அளக்கும் காகிதத் துண்டு வைத்தால்தான் தெரிகிற அளவு. கன்னத்தில் நீர்க்கோடு இறங்குகிறது என்றால் கண்ணழற்சியோ, இமை உள்மடிந்திருப்பதோ, கண்ணீர்க் குழாய் அடைப்போ காரணமாக இருக்கும். அந்த நாயைக் கூட்டிப்போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. நடிகர்களுக்கு வைத்திருக்கும் கிளிசரினை நாயின் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. எரியும், நாய் காலால் தேய்க்கும், நகம் பட்டுக் கருவிழியில் புண் வரும். கண்ணீர் வேண்டுமென்றால் கிராஃபிக்ஸில் இரண்டு சொட்டு சேருங்கள்.

யானை அழுகிற காட்சி தமிழ்ப் படத்துக்குப் புதிதல்ல. யானைக்குக் கண்ணீரை மூக்குக்குள் வடிக்கும் குழாய் கிடையாது. கண்ணில் ஊறும் நீர் அப்படியே வெளியே வழிந்து கன்னத்தில் தடம் போடும். தூசி, புகை, வெயில், எதிரே வைத்த விளக்கு எதுவாக இருந்தாலும் வழியும். நீங்கள் அந்தத் தடத்தில் ஒரு புல்லாங்குழலைச் சேர்க்கிறீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கசிவது மதநீர் என்றால் விஷயம் ஆபத்து. அந்த யானையை ஆள் கூட்டத்தில் நிறுத்தவே கூடாது. நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டு, கால் மாற்றி மாற்றி அசைவதை 'பாட்டுக்கு ஆடுது' என்று எடுத்துக்கொள்கிறீர்கள். சங்கிலியில் நெடுநாள் கட்டப்பட்ட யானைகளிடம் வரும் மன அழுத்த அசைவு அது. ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தீவனமும் 100 முதல் 200 லிட்டர் தண்ணீரும் கேட்கிற உயிர், ராத்திரி முழுக்க லாரியில் நின்றபடி பயணம் செய்து காலை ஆறு மணி ஷாட்டுக்கு வந்திருக்கிறது என்பதை எந்தக் கேமராவும் சொல்வதில்லை.

குரங்கு பல்லைக் காட்டினால் சிரிப்பு என்று காமெடிக்கு வைத்துக்கொள்கிறீர்கள். உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டுவது அச்சமும் அடங்கிப்போவதும். குரங்கைப் பழக்கிக் காட்சிப்படுத்துவது சட்டப்படியே தடை என்பதால் அதோடு விடலாம். பக்திப் படத்துப் பாம்புக்கு மட்டும் ஒரு வரி: பாம்பு பால் குடிக்காது. தண்ணீரே காட்டாமல் வைத்திருந்தால் கிடைத்ததை உறிஞ்சும், அது நுரையீரலுக்குள் போய்ச் செத்தும் போகலாம்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதி எங்களுக்கு ஒரு பாதிதான் உண்டு. மறு பாதி உங்கள் தொழில். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவின் சோதனையைத் திரைப்படக் கல்லூரியில் முதல் மாதமே படித்திருப்பீர்கள். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்தோடு ஒட்டினால் பசி, சவப்பெட்டியோடு ஒட்டினால் துக்கம். மனித முகத்துக்கே அது போதுமென்றால் நாய் முகத்துக்கு எவ்வளவு போதும்? நிம்மதியாக உட்கார்ந்து, லென்ஸ் ஓரத்தில் பயிற்சியாளர் பிடித்திருக்கும் கோழித் துண்டைப் பார்க்கிற நாயின் நான்கு விநாடிகளை எடுத்துச் சவ ஊர்வலத்தோடு ஒட்டுங்கள். தியேட்டர் அழும். பயந்த நாயிடமிருந்து வருகிற முகத்தைவிட அது நன்றாகவும் இருக்கும், ஏனென்றால் பயந்த நாயின் பார்வை ஓரிடத்தில் நிற்காது. எடிட்டிங் டேபிளில் அந்த ஷாட்டை வெட்ட முடியாமல் தவிப்பவரும் நீங்கள்தான்.

இறந்துபோன எஜமானரின் மேல் நாய் தலை சாய்த்துப் படுக்கிற காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லா நாய்ப் படத்திலும் இருக்கிறது. மோசமான முறை உங்கள் யூனிட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்: நாயை ஓடவிட்டுக் களைப்பாக்கி, கழுத்தை அழுத்திப் படுக்கவைத்து, கை எடுத்ததும் ரோல் சொல்வது. சரியான முறைக்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். மடித்த துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதற்கு மேல் தீனியைக் காட்டி, தாடை துண்டைத் தொட்ட அந்த நொடியிலேயே 'யெஸ்' என்று ஒரே சொல்லையோ கிளிக்கர் சத்தத்தையோ கொடுத்துத் தீனி கொடுக்க வேண்டும். தொடுவது புரிந்த பிறகு ஒரு விநாடி, இரண்டு, ஐந்து என்று வைத்திருக்கும் நேரத்தை நீட்ட வேண்டும். பிறகு அதே துண்டை ஒருவர் முழங்கால் மேல், அடுத்து நெஞ்சின் மேல். பிறகு பயிற்சியாளர் ஓரடி, மூன்றடி, பத்தடி என்று விலக வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதற்கு மேல் போனால் அதுவரை கற்றதும் கெடும்.

இதெல்லாம் வீட்டில் சரியாக வந்துவிட்டு செட்டில் சொதப்புவதற்குக் காரணமும் தெரிந்ததே. விளக்கு, டிராலி, அறுபது பேர், ஒரு ஜெனரேட்டர் என்று எல்லாம் ஒரே காலையில் நாயின் முன் வருகின்றன. ஒத்திகையின் கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டும்: முதலில் எரியாத விளக்கு, மறுநாள் எரியும் விளக்கு, அடுத்து கேமராவும் இரண்டு பேரும். பூம் மைக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோமம் போர்த்திய ஒன்று குச்சி நுனியில் தலைக்கு மேலே மிதந்து வந்தால் எந்த நாய்தான் சும்மா இருக்கும்? அந்தக் காட்சிக்கு மைக்கே வேண்டாம், சத்தத்தை டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாயே சாகிற காட்சி. இங்கேதான் மருத்துவரிடம் தனியாகக் கூப்பிட்டு 'லேசா ஒரு ஊசி' கேட்கிறார்கள். உயிரோடு இருக்கிற நாயின் விலா அசையும். ஓய்வில் நிமிடத்துக்கு 15 முதல் 30 மூச்சு. ஃபிரேமில் அது தெரிகிறது, கிராஃபிக்ஸ் செலவு கூடுகிறது, அதனால் ஊசி. மயக்க மருந்து ஏறிய நாயின் ரத்த அழுத்தம் இறங்கும், உடம்பு தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்தாது, வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் போகும், மூக்கு சப்பையான பக் மாதிரி இனமென்றால் மூச்சே நின்றுபோகலாம். அப்படியும் காட்சி நன்றாக வராது. கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமை பாதிக் கண்ணை மூடிக்கொள்ளும், நாக்கு தொங்கும், எச்சில் வழியும். காட்சி விலங்குகளுக்கான 2001-ஆம் ஆண்டின் பதிவு விதிகளே படப்பிடிப்புக்காக இப்படி மருந்து கொடுப்பதைத் தடுக்கின்றன. அந்தக் காட்சிக்குச் செய்ய வேண்டியது இதுதான்: பக்கவாட்டில் படுத்திருக்கப் பழக்குங்கள், தலையும் ஒரு முன்னங்காலும் மட்டும் ஃபிரேமில் வரட்டும், மூச்சை விட்ட பிறகு வருகிற சிறு இடைவெளியைப் பயன்படுத்துங்கள், இரண்டு விநாடிக்கு மேல் அந்த ஷாட் தேவைப்படாது, வைட் ஷாட்டுக்கு டம்மி, விலா தெரிந்தே ஆகவேண்டுமென்றால் அந்தப் பகுதியை மட்டும் பின்னால் உறையவையுங்கள். அந்த நேரத்தில் பார்வையாளர் பார்ப்பது எஜமானரின் முகத்தைத்தான் என்பதை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

வெயில் பற்றி உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நாய்க்கு உடம்பில் வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, உதட்டோரம் பின்னால் இழுபட்டால் நமக்கு அது சிரிப்பாகத் தெரிகிறது. போஸ்டரில் சிரிக்கிற நாய்களில் எத்தனை மூச்சிரைத்தவை என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். நாயின் இயல்பான உடல் சூடு ஏறக்குறைய 38-இலிருந்து 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தொட்டால் உயிராபத்து. நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் ஷாட்டை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை, பாதம் எல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றிக் காற்றாடி போட வேண்டும். ஐஸ் தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். முதலில் குளிர்விப்பது, அப்புறம் வண்டி. தார் ரோட்டில் ஓட வேண்டிய காட்சியா? புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களால் முடியாவிட்டால் அந்த ரோட்டில் நாய்க்கும் வேலை இல்லை. விடியற்காலையில் எடுத்து வண்ணத்தில் மதியமாக்குங்கள்.

மழைக் காட்சிக்கு டேங்கர் தண்ணீர், நள்ளிரவு, ராட்சத மின்விசிறி. நாய் நடுங்குவது உங்களுக்கு நடிப்பாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே துவட்டாவிட்டால் மறுநாள் காதில் சீழ். தொங்குகிற காதுள்ள லாப்ரடார், பீகிள் மாதிரி இனங்களுக்கு இது எளிதில் வரும். வெடிச் சத்தத்தை நேரடியாக வைத்து 'ரியாக்‌ஷன்' பிடிப்பதும் அப்படியே. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, நாய்க்கு 45,000 வரை போகும். ஒரு தடவை அப்படி மிரண்ட நாய் அப்புறம் கிளாப் அடிக்கிற சத்தத்துக்கே ஒடுங்கும், மிச்சப் படம் முழுக்க உங்களுக்குத்தான் தொல்லை.

பட்டினி போட்டு வேலை வாங்குவதை அனுபவம் என்று சொல்லிக்கொள்ளும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தீனியோ தண்ணீரோ மறுத்து விலங்கை வேலை வாங்கக் கூடாது என்று அதே 2001 விதிகளில் எழுதியிருக்கிறது. அன்றைய உணவின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பகுதியைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக்கிப் பயிற்சியிலும் டேக்கிலும் கொடுத்தாலே நாய் ஆர்வமாக வரும். வயிறு நிரம்பியதும் பெரிய இன நாயை ஓடவைத்தால் இரைப்பை முறுக்கிக்கொள்ளலாம். அது சில மணி நேரத்தில் நாயைக் கொல்லும் நோய் என்பதால் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். யூனிட் ஆட்கள் பாசத்தில் கொடுக்கும் சாக்லேட்டும் வெங்காயம் போட்ட பிரியாணியும் நஞ்சு.

இனி குட்டிகள். எங்களுக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான். கதைப்படி குட்டிக்கு இரண்டு மாதம். ஷூட்டிங் நாற்பது நாள் இழுக்கிறது. நாய்க்குட்டி வாரத்துக்கு ஒரு முகம் மாறும், அதனால் அதே நிறத்தில் புதிது புதிதாகக் குட்டிகள் வருகின்றன. பன்றிக்குட்டி நாயகனாக வந்த 1995-ஆம் ஆண்டின் 'பேப்' படத்துக்கு இதே காரணத்தால் 48 குட்டிகள் தேவைப்பட்டன, ஒளிக்காமல் சொன்னார்கள். நம் படங்களில் எத்தனை குட்டிகள் வந்தன, போனவை எங்கே போயின என்று யாரும் சொல்வதில்லை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதி. செட்டுக்கு வருகிற பல குட்டிகளுக்குப் பால்பல்லே முழுதாக முளைத்திருக்காது. தடுப்பூசி ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறாம் வாரம் வரை போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். அதற்குள் பல நாய்கள் வந்துபோன மண்ணில் குட்டியை விட்டால் பார்வோ என்ற வைரஸ் தொற்றும். சில நாளில் சாப்பிடாது, வாந்தி, ரத்தமாகக் கழிச்சல், சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலும் சாவு. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சாதாரண பினாயில் அதை ஒன்றும் செய்யாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவினால்தான் போகும். எந்த லொகேஷனில் இது நடக்கிறது?

சான்றிதழ் வாங்கியிருக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். 1939-இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காகக் குதிரையைப் பாறை உச்சியிலிருந்து ஆற்றில் விழவைத்துச் சாகடித்தார்கள். எழுந்த கோபத்தில் மறு ஆண்டே அங்கே ஒரு விலங்கு நல அமைப்பு படப்பிடிப்புகளைக் கண்காணிக்க அலுவலகம் திறந்தது. 'எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்ற வாசகம் அந்தக் கண்காணிப்பிலிருந்து வந்தது. செட்டில் ஓர் ஆள் நின்று பார்ப்பார் என்பது அதன் அடிப்படை. வாசகத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். இங்கே விலங்கு நல வாரியத்துக்கு முன்கூட்டியே விவரம் தர வேண்டும், மருத்துவரின் உடல்தகுதிச் சான்று இணைக்க வேண்டும், படம் முடிந்து தடையின்மைச் சான்று வாங்கித் தணிக்கைக்குப் போக வேண்டும். திருவான்மியூரில் இருந்த அந்த அலுவலகம் 2018-இல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. அங்கே போவது தாள்கள். டேக் பதினேழில் நாய் எப்படி இருந்தது என்று எந்தத் தாளிலும் இருக்காது. சட்டம் மிரட்டும் என்றும் சொல்ல முடியாது: 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான். அதனால்தான் வாரியத்துக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறோம்.

படம் வெளியான பிறகு நடப்பதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. நாய்கள் முக்கிய வேடத்தில் வந்த அமெரிக்கப் படங்களையும் அங்கே இனவாரியாக நாய்கள் பதிவான கணக்கையும் ஒப்பிட்டு 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு படம் ஓர் இனத்தின் மவுசைப் பத்து ஆண்டு வரைகூடத் தூக்கிப் பிடிக்கும் என்று அது கண்டது. இங்கே கைப்பேசி விளம்பரம் ஒன்றில் வந்த பிறகு பக் இனத்துக்கு எப்படிக் கிராக்கி கூடியது என்பது எல்லோருக்கும் தெரியும். தியேட்டரில் அழுத குடும்பம் அந்த வாரமே குட்டி தேடுகிறது. தேவை கூடியதும் பதிவில்லாத ஆட்கள் ஒரே பெட்டையை ஈட்டுக்கு ஈட்டு சினையாக்குகிறார்கள். வாங்கிய குட்டி எட்டு மாதத்தில் கடிக்கவும் இழுக்கவும் தொடங்கும், ரோமம் கொட்டும், உண்ணிக் காய்ச்சல் வரும். லாப்ரடார் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும், முப்பது கிலோ ஏறும், தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு காட்சிகூடச் சொல்வதில்லை. ஒன்றரை வயதுக்குள் கைவிடப்பட்டுக் காப்பகங்களுக்கு வருகிற இன நாய்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இரட்டை ரோம அடுக்குள்ள ஹஸ்கியைச் சென்னை மே மாதத்தில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் வைத்திருப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்.

நாட்டு இனங்களைக் காட்டினால் இந்தச் சிக்கல் தீரும் என்று நினைப்பதும் அரைகுறைதான். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை ஓடிப் பிடிக்க வளர்த்த இனங்கள். ஓட வெட்டவெளி இல்லாமல் போர்ட்டிகோவில் கட்டிவைத்தால் கம்பியைக் கடிக்கும், குழி தோண்டும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். ராஜபாளையத்தில் வெள்ளை நிறத்துக்காகவே இனப்பெருக்கம் செய்ததில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. அழகாகப் படம்பிடித்துக் காட்டுகிறவருக்கு இதையும் காட்டும் கடமை உண்டு.

உருக்கம் உருப்படியான காரியமாக மாறுவதற்கும் சாட்சி இருக்கிறது. 'பேப்' படத்தில் விவசாயியாக நடித்த ஜேம்ஸ் குரோம்வெல் ஏற்கெனவே இறைச்சியை விட்டிருந்தவர்; அந்தப் படத்தில் நடித்தபோது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எல்லா உணவையும் விட்டுவிட்டார். முதுமலை தெப்பக்காடு முகாமில் குட்டி யானைகளை வளர்த்த பொம்மன், பெள்ளி பற்றிய ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியதும் குட்டி யானைகளைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. அதே வாரத்தில் தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் 91 பணியாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாயும் வீடு கட்ட நிதியும் மாநில அரசு அறிவித்தது. பார்ப்பவரின் கலக்கத்துக்குப் போக ஒரு வழி இருந்தால் அது போகும். உங்கள் படங்கள் அந்த வழியை மூடிவிட்டு, குட்டி விற்கிற கடையின் கதவைத் திறந்துவைக்கின்றன.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறோம். பயிற்சியாளரையும் மருத்துவரையும் ஷூட்டிங்குக்கு முந்தின வாரம் தேடாதீர்கள்; திரைக்கதை எழுதும்போதே உட்காரவையுங்கள். எந்தக் காட்சிக்கு எத்தனை வாரம் பயிற்சி, எதற்கு டம்மி, எதற்கு கிராஃபிக்ஸ் என்பது அங்கேயே முடிவாகட்டும், ஆறு வார ஒத்திகைச் செலவு பட்ஜெட்டில் தனித் தலைப்பாக இருக்கட்டும். ஒரு வேடத்துக்கு ஒரே நாயை வைத்து ஒப்பேற்றாதீர்கள். இறந்த எஜமானருக்காக ரயில் நிலையத்தில் காத்திருந்த ஜப்பானிய நாய் ஹச்சிகோவின் கதையை 2009-இல் எடுத்தவர்கள் வளர்ந்த நாயின் வேடத்துக்கு மட்டும் அகிடா இனத்தில் மூன்று நாய்களை வைத்திருந்தார்கள்; குறைந்தது இரண்டு நாய்களாவது உங்களிடம் இருக்க வேண்டும். இருபது நிமிட வேலைக்குப் பிறகு செட்டுக்கு வெளியே, நிழலில், சத்தமில்லாத இடத்தில் ஓய்வு.

செட்டில் நிற்கிற மருத்துவர் விலங்கை வாடகைக்கு விடுபவரின் ஆளாக இருக்கக் கூடாது. அவர் 'போதும்' என்றால் அன்றைய ஷாட் முடிந்தது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். அதே ஒப்பந்தத்தில் பட்டினி, மயக்க மருந்து, கண்ணில் எதையும் விடுவது, நேரடி வெடிச் சத்தம் ஆகியவற்றைத் தடைசெய்யுங்கள். நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டியை வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கொண்டுவராதீர்கள். குட்டி கட்டாயம் வேண்டுமென்றால் தாயோடு, கழுவிய தரையுள்ள உள்ளரங்கில், பத்து நிமிடம். யானை, குரங்கு, பாம்பு மூன்றும் இனிக் கணினியில் மட்டும். ஃபிரேம் மூலையில் 'சி.ஜி.' என்று எழுத்து வந்து உருக்கத்தைக் கெடுக்கிறது என்ற உங்கள் மனக்குறை நியாயமானது. அதைத் தொடக்க அட்டைக்கு மாற்றக் கோரி நீங்கள் விலங்கு நல வாரியத்துக்கு எழுதினால் நாங்களும் கையெழுத்திடுகிறோம்.

தேய்ந்துபோன அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக உண்மையான ஓர் அட்டை போடுங்கள்: எத்தனை விலங்குகள் வேலை செய்தன, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம், எவையெல்லாம் கிராஃபிக்ஸ், மருத்துவர் யார், இப்போது அவை யார் வீட்டில் இருக்கின்றன. அடுத்த பதினைந்து விநாடியில் இந்த இனம் எவ்வளவு வளரும், எத்தனை வருஷம் வாழும், என்ன கேட்கும் என்று சொல்லுங்கள். ஹீரோவின் குரலிலேயே சொன்னால் இன்னும் நல்லது. விளம்பரத்துக்காகக் குட்டிகளைப் பரிசளிக்கும் போட்டி எதையும் எந்தப் படத்துக்கும் நடத்தாதீர்கள்.

இவற்றை உங்கள் சங்கங்களின் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். ஒப்பந்த வரைவும் செட்டுக்கான நேரப் பதிவேடும் எழுதித்தர நாங்கள் பணம் கேட்கமாட்டோம். அதுவரை, அடுத்த மேக்கிங் வீடியோவை வெளியிடும் முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டுங்கள். அவர் வெளியிட வேண்டாம் என்று சொல்கிற பகுதியை வெட்டி ஒளிக்காதீர்கள். அடுத்த ஷெட்யூலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
விலங்குகளோடு வேலை செய்யும் மருத்துவர்கள், பயிற்சியாளர்கள், காப்பகத்தார்